பாடத்திட்டம் மாறுங்கால்

(கிழக்கேகோட்டையில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இசையும் நாடகமும் குழந்தைகளின் நடனமும் நிகழ்தற்குரிய இம்மேடையில், பாடத்திட்ட மாற்றம் என்னும் வறண்ட பொருளைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் பணித்தபோது யான் தயங்கினேன். அவர் விடவில்லை. “வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளை எஞ்சினீயரிங்கோ மருத்துவமோ சட்டமோ படிக்கிறது, ‘ஸ்கீம் மாறிவிட்டது’ என்று பிள்ளை வந்து சொன்னால், அஃது என்னவென்று பெற்றோர்க்குத் தெரிவதில்லை, நீர் அந்த வேலையில் இருந்தவர்தாமே” என்றார். இருந்தவன்தான். இப்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றின் கல்விப் பிரிவில் எழுத்தனாகச் சேர்ந்து, பிரிவு அலுவலனாக ஓய்வு பெற்றவன். அதன் பெயர் இங்கு வேண்டா. இவ்வூரார் சர்வகலாசாலை என்பர். நாம் பல்கலைக்கழகம் என்கிறோம். எப்பெயரிட்டு அழைப்பினும் கோப்பின் நாடா ஒரே நிறந்தான்.

முதலில் இவ்வூர் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் தகும். மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இந்நகரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவம் போதித்த காலத்தில், அக்கல்லூரிக்குப் பாடம் வகுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். இங்கே கற்பிப்போர் ஒருவர். அங்கே பாடம் வகுப்போர் வேறொருவர். 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. சர் சி. பி. இராமசாமி ஐயர் அதன் முதல் துணைவேந்தர். 1939-இல் பொறியியற் கல்லூரி பிறந்தது. கட்டடம், எந்திரம், மின்சாரம் என்னும் மூன்று துறைகளே அன்று இருந்தன. 1951 நவம்பரில் மருத்துவக் கல்லூரியைப் பண்டித நேரு திறந்துவைத்தார். 1957-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டு, 1956 நவம்பர் முதல் நாள், கன்னியாகுமரி மாவட்டம் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தது. அதனைத் தொடர்ந்து நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரிகளும் காலப்போக்கில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின்கீழ்ச் சென்றன. 1990-இல் திருநெல்வேலியில் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தபோது, அதற்கு நம்மூர்ப் பேராசிரியரின் நூற்பெயரும் அவர் பெயரும் சேர்ந்து அமைந்தன. சென்னை வகுத்த பாடத்தைத் திருவனந்தபுரத்தில் நடத்திய பெருமகனாரின் பெயர், இன்று பாடம் வகுக்கும் ஓர் அமைப்புக்கு உரியதாயிற்று. காலம் செய்யும் வேடிக்கை இது.

இனிப் பொருளுக்கு வருவோம். பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் எவ்வாறு மாறுகிறது? பாடக்குழு என்று ஒன்று உண்டு. அத்துறை ஆசிரியர்கள் சிலர் கூடி வரைவு எழுதுவர். அது புலத்தின்முன் போகும், பின்னர்க் கல்விப் பேரவைக்குப் போகும், சிண்டிகேட் ஆணையிடும். கலை, அறிவியற் பாடங்களுக்குப் பெரும்பாலும் இவ்வளவே. தொழிற்கல்விக்கு இதன்மேல் மற்றொரு வீடு இருக்கிறது. அது தில்லியில் இருக்கிறது. பொறியியலுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு; மருத்துவத்திற்கு முன்னர் இந்திய மருத்துவக் குழு, 2020 செப்டம்பர் முதல் தேசிய மருத்துவ ஆணையம்; சட்டத்திற்கு வழக்கறிஞர் குழுவாகிய பார் கவுன்சில்; ஆசிரியப் பயிற்சிக்கு மற்றொரு குழு. தில்லியிலிருந்து தாள் வந்துவிட்டால், பல்கலைக்கழகம் அதனை ஏற்பதா இல்லையா என்று நெடுநேரம் வாதிக்க இயலாது. எந்த மாதத்துக்குள், எந்த ஆசிரியரைக் கொண்டு, எந்த ஆய்வுக்கூடத்தில் என்பவைதாம் அதன் கையில் உள்ளவை. ஆணையிடுவோர்க்கு ஒரு தாள், நடத்துவோர்க்கு நாலாண்டு.

வெளியே இருப்போர், புதிய பாடத்திட்டத்தை எழுதுவதே கடினம் என்று கருதுவர். அஃது எளிது, பத்துப் பேராசிரியர்கள் மூன்று நாள் அமர்ந்தால் எழுதிவிடுவர். பழைய பாடத்திட்டத்தை முடித்துவைப்பதே கடினம். ஏனெனில், பழையதற்குள் மாணாக்கர் இருக்கிறார்கள்.

நம் நகரிலேயே கண்ட காட்சியைச் சொல்கிறேன். கேரளத்துப் பொறியியற் கல்லூரிகள் 2015-க்கு முன்னர்ப் பல பல்கலைக்கழகங்களின்கீழ்ச் சிதறிக் கிடந்தன. அவற்றையெல்லாம் ஒருங்கே கொணர்தற்காக 2014-இல் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைந்தது. 2015-இல் முதல் மாணாக்கர் அதிற் சேர்ந்தனர். அவ்வாண்டு சூலையில் டாக்டர் அப்துல் கலாம் மறைந்ததும் அவர் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இராமேசுவரத்தில் பிறந்து, தும்பாவில் இராக்கெட் ஏவி, இந்நகரத்து விடுதி அறையில் பல்லாண்டு வாழ்ந்த தமிழர் பெயரில் கேரளத்தின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் விளங்குகிறது என்பதில் நம் சங்கத்தார்க்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. அதனை இங்கு மறைப்பானேன்?

ஆயின், 2015 சூன் மாதத்துக்குப் பின் கேரளப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த ஒரு பொறியியற் கல்லூரியின் வாயிலில் நின்று பாருங்கள். முதலாண்டு மாணாக்கர் புதிய பல்கலைக்கழகத்தின் 2015-ஆம் ஆண்டுத் திட்டத்தில் படிக்கின்றனர். இரண்டாம், மூன்றாம் ஆண்டினர் கேரளப் பல்கலைக்கழகத்தின் 2013-ஆம் ஆண்டுத் திட்டம். இறுதியாண்டினர் 2008-ஆம் ஆண்டுத் திட்டம். ஒரே கட்டடம், இரண்டு பல்கலைக்கழகம், மூன்று திட்டம். ஒரே ஆசிரியர் காலையில் ஒரு திட்டத்துக்குப் பாடம் நடத்தி, நண்பகலில் மற்றொன்றுக்கு வினாத்தாள் எழுதி, மாலையில் மூன்றாவதற்கு விடைத்தாள் திருத்துகிறார். மதிப்பெண் போடும் முறையும் ஒவ்வொன்றிலும் வேறு. தவறு நேராமலிருந்தால் அதுவே வியப்பு.

புதிய பல்கலைக்கழகம் புதிய விதி ஒன்றையும் கொணர்ந்தது. குறித்த அளவு கிரெடிட் பெறாதவர் அடுத்த ஆண்டுக்குச் செல்லலாகாது, நின்று முடித்துப் பின்னர்ச் செல்லவேண்டும் என்பது அவ்விதி. தோல்வியைச் சுமந்துகொண்டே இறுதியாண்டு வரை நடப்பது நன்றன்று என்னும் கருத்தில் எழுந்த விதி, கருத்திற் பிழையில்லை. ஆனால் முடிவுகள் தாமதமாக வந்தால் என்ன ஆகும்? பையன் மேல் வகுப்பில் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கும்போதே அவன் கீழ் வகுப்புக்கு உரியவன் என்று தெரியவரும். மாணாக்கர் கொதித்தெழுந்தனர், உண்ணாவிரதம் இருந்தனர், 2017-இல் விதி தளர்த்தப்பட்டது. விதியை எழுதியோர் ஒழுங்கை நினைத்தனர். முடிவு வெளியிடும் அறையில் எத்தனை பேர் வேலை செய்கின்றனர் என்பதை நினைத்திலர். இஃது என் கருத்து. அப்பல்கலைக்கழகத்தார் வேறு சொல்லக்கூடும்.

பின்னர் 2018 சனவரியில் அகில இந்தியக் குழு மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டு, பொறியியற் பட்டத்துக்கு 160 கிரெடிட் போதும் என்றது. கலாம் பல்கலைக்கழகத்தின் 2015 திட்டத்தில் 182 இருந்தது. 2019 திட்டத்தில் அது 162 ஆகக் குறைந்தது. பாரம் குறைந்தது என்று பெற்றோர் மகிழ்ந்தனர். குறைந்த இடத்தில் ‘மைனர்’, ‘ஆனர்ஸ்’ என்று மேலும் 20 கிரெடிட் விரும்பினோர் எடுக்கலாம் என்று வழி செய்யப்பட்டது. அடுத்த திட்டம் 2024-இல் வந்தது. 2015, 2019, 2024 என்னும் இவ்வாண்டுகளைக் கவனியுங்கள். ஒரு கூட்டத்தார் நாலாண்டு முடித்து வெளியேறும் வரை பல்கலைக்கழகம் பொறுத்திருக்கிறது. எனக்குப் பிடித்த ஒழுங்கு இது. விதைத்த வயலில் அறுவடைக்கு முன் மீண்டும் ஏர் பூட்டுபவன் உழவனல்லன்.

சட்டக் கல்விக்கு இந்தப் பொறுமை வாய்க்கவில்லை. குற்றம் கல்லூரியினது அன்று. 2024 சூலை முதல் நாள் இந்தியத் தண்டனைச் சட்டம் நீங்கி, பாரதீய நியாய சன்ஹிதை நடைமுறைக்கு வந்தது. 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள் ஒரே இரவில் மாறின. கொலைக்குத் தண்டனை கூறும் 302 இனி 103. ஏமாற்றுக்கு நாம் வசைச்சொல்லாகவே வழங்கிய 420 இனி 318. திரைப்பட வசனம் எழுதுவோர் பாடும் திண்டாட்டந்தான்! பார் கவுன்சில் புதிய சட்டங்களை 2024-25 கல்வியாண்டு முதலே கற்பிக்கவேண்டும் என்றது. ஆயினும் சூலை முதல் நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். அவ்வழக்குகள் வஞ்சியூர் நீதிமன்றத்தில் இன்னும் பல்லாண்டு நடக்கும். ஆதலின் இன்று சட்டம் பயிலும் பெண் 302-ஐயும் மறக்கலாகாது, 103-ஐயும் விடலாகாது. பாடத்திட்டத்திலிருந்து ஒன்றை நீக்கினேன் என்று தாளில் எழுதலாம். உலகத்திலிருந்து நீக்க இயலுமா? ஐந்தாண்டுப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருந்தோர், தண்டனைச் சட்டத்தைப் பழைய எண்களில் தேறி முடித்தவர்கள், பட்டம் பெற்று அங்கி அணிந்து நிற்கும்போது எதனைப் படித்தவராவர்? இவர்களுக்கு இடைப்பாடம் ஒன்று நடத்தும் கல்லூரி நல்ல கல்லூரி என்பேன்.

மருத்துவத்தின் கதை நீண்டது, சுருங்கச் சொல்கிறேன். முன்பு உடலமைப்பு, உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றும் 18 மாதம் படித்தனர். 1997-ஆம் ஆண்டு விதிகள் அதனை 12 மாதமாக்கின. பாடம் குறையவில்லை, மாதம் குறைந்தது! 2019-இல் திறன் அடிப்படையிலான கல்வி வந்தது. நோயாளியைக் காணாமல் முதலாண்டைக் கழிக்கும் வழக்கம் மாறி, தொடக்கத்திலேயே மருத்துவமனைக்குச் செல்லவும், நோயாளியிடம் பேசும் முறையைக் கற்கவும் வழி பிறந்தது. 2019 திட்டத்தில் முதல் ஒரு மாதம் அடிப்படைப் பயிற்சியாக இருந்தது. அதில் அவ்வூர் மொழி கற்பிப்பதும் ஒரு பகுதி. நம் பிள்ளைகள் மலையாளத்தை வீதியிலேயே கற்றுவிட்டனர்; அவர்க்கு இது கவலையன்று. வடநாட்டிலிருந்து வருவோர்க்குத்தான் ‘எவிடெ வேதனை’ என்று கேட்கப் பழக வேண்டியிருக்கிறது. 2024-இல் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. ஆகஸ்டு இறுதியில் தேசிய ஆணையம் திருத்திய வழிமுறைகளை வெளியிட்டது. மாற்றுத்திறனாளர் குறித்த பகுதி விடுபட்டிருந்தமையும், சட்ட மருத்துவத்தில் கைவிடப்பட்ட பழங்கருத்துகள் மீண்டும் நுழைந்திருந்தமையும் கண்டு பலர் கண்டித்தனர். செப்டம்பர் 5-இல் அதனைத் திரும்பப் பெற்று, அம்மாதத்திலேயே திருத்தி மீண்டும் வெளியிட்டனர். திரும்பப் பெற்றது பெருமையே. ஆனால் வெளியிடுவதற்கு முன் வரிவரியாகப் படித்த கண் ஒன்று இருந்ததா என்னும் வினா எழுகிறது.

ஆசிரியப் பயிற்சியாகிய பி.எட். 2015 முதல் ஓராண்டு நீங்கி ஈராண்டாயிற்று. பெண்மக்களைப் பயிற்சிக்கு அனுப்பிய குடும்பங்கள் ஓராண்டுச் செலவைக் கூடுதலாகச் சுமந்தன என்பதோடு அதனை விடுகிறேன்.

வரிவரியாகப் படிக்கும் கண் என்று சொன்னேன். அங்கே என் கதையைச் சொல்லாமல் விட்டால் யான் நேர்மையுடையேன் அல்லேன்.

திட்டம் மாறும்போதெல்லாம் கல்விப் பிரிவில் ஈட்டுப் பட்டியல் ஒன்று எழுதுவோம். பழைய திட்டத்தின் இன்ன தாளுக்குப் புதிய திட்டத்தின் இன்ன தாள் ஈடு என்று இருபத்தியாக எழுதிய பட்டியல் அது. நோயினாலோ வறுமையினாலோ இடையில் நின்று, ஓராண்டு கழித்து மீண்டு வரும் மாணாக்கன் புதிய கூட்டத்தில் விழுவான். அவன் முன்பே தேறியவை எவை, இனிப் படிக்கவேண்டியவை எவை என்பதனை அப்பட்டியலே தீர்மானிக்கும். ஒரு முறை யான் அப்பட்டியலைத் தயாரித்தேன். பழைய தாள் ஒன்று புதிய திட்டத்தில் இரண்டாகப் பிரிந்திருந்தது. எதனை ஈடாக எழுதுவது என்று பாடக்குழுத் தலைவரிடம் கேட்டு எழுதலாம் என அவ்வரியை வெற்றிடமாக விட்டேன். அவர் வெளியூர் சென்றிருந்தார். கோப்பு நகர்ந்தது. தட்டச்சர் வெற்று வரியை நீக்கிவிட்டார். கல்விப் பேரவை ஏற்றது, அச்சாயிற்று. யான் மறந்தேன்.

இரண்டாண்டு கழித்து ஒருநாள், சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் தமிழர் ஒருவர் எங்கள் பிரிவுக்கு வந்தார். அவர் மகன் மஞ்சட்காமாலையால் ஓராண்டு படிப்பை விட்டு, மீண்டும் சேர்ந்து, எல்லாம் தேறி, இறுதித் தேர்வுக்கு நுழைவுச் சீட்டுக் கேட்டபோது, ‘ஒரு தாள் குறைகிறது’ என்று கல்லூரி நிறுத்திவிட்டது. அத்தாளை அவன் முதன்முறையே தேறியவன். பட்டியலில் அதற்கு ஈடு இல்லை. ஆதலின் தேறியது தேறாததாயிற்று. அவர் என்னைத் தமிழன் என்று கண்டுகொண்டு, மேசையருகே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “என் பையன் பரீட்சையில தோத்திருந்தா நான் வாயத் திறக்க மாட்டேன், சார். அவன் பாஸ் பண்ணின பாடம் எங்க போச்சுன்னு மட்டும் சொல்லுங்க.”

யான் பட்டியலைப் பார்த்தேன். வரி இல்லை. எங்கே போயிற்று என்பது இவ்வுலகில் எனக்கு ஒருவனுக்கே தெரியும்.

அவசரமாயின் துணைவேந்தரே ஆணையிட்டு, பின்னர்க் கல்விப் பேரவையின் முன் வைக்கலாம் என்று சட்டத்தில் வழியுண்டு. அதனை வேண்டி ஒரு பக்கக் குறிப்பு எழுதினால் போதும். ஒரு வாரத்தில் முடியும். எழுதினால், வரியை விட்டது யார் என்னும் கேள்வியும் உடன் எழும். எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய காலம் அது. “பாடக்குழு கூடும்போது வைக்கிறோம், ஐயா” என்று சொல்லி அவரை அனுப்பினேன். பாடக்குழு நான்கு மாதம் கழித்துக் கூடியது. வரி சேர்ந்தது. பையன் அடுத்த தேர்வில் எழுதித் தேறினான். ஆனால் முந்திய தேர்வை நம்பி அவனுக்கு ஒரு நிறுவனம் தருவதாகச் சொல்லியிருந்த வேலை அதற்குள் வேறொருவர்க்குப் போய்விட்டது. தந்தையார் பின்னரும் என்னைத் தெருவில் கண்டால் வணங்குவார். உதவி செய்தவன் யான் என்று எண்ணி. இன்று அவர் இல்லை. இம்மேடையில் இதனைச் சொல்வது இதுவே முதன்முறை.

அதன்பின் என் பணிக்காலம் முடியும்வரை, ஈட்டுப் பட்டியலில் ஒரு வரி நிரம்பாமல் என் மேசையை விட்டுக் கோப்பு எதுவும் நகர்ந்ததில்லை. என் பின்னவர் இளைஞர் என்னைக் கேலி செய்வார். இப்பொழுது கணிப்பொறி அதனைச் செய்கிறது என்கிறார்கள். வெற்று வரி கிடந்தால் கணிப்பொறி கூவுமா, அல்லது தட்டச்சரைப் போல நீக்கிவிடுமா என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார், விடை சொல்லவில்லை.

பெற்றோர்களே, உங்கள் கையில் உள்ளவற்றைச் சொல்லி அமர்கிறேன். உங்கள் பிள்ளை எந்தக் கல்லூரி என்பது உங்களுக்குத் தெரியும். எந்த ஆண்டுத் திட்டம் என்பதனையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேர்ந்த ஆண்டின் பாடத்திட்டப் புத்தகத்தை அச்சிட்டு, கல்லூரி முத்திரையோடு மதிப்பெண் பட்டியலருகே வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவிலோ கனடாவிலோ வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, ‘நீர் படித்த ஆண்டின் பாடத்திட்டம் எங்கே?’ என்று கேட்பார்கள். அப்போது அது பல்கலைக்கழகத்திலும் எளிதிற் கிடைக்காது. பிள்ளை இடையில் நிற்க நேர்ந்தால், மீளச் சேரும் நாளிலேயே ஈட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்; இறுதித் தேர்வு வரை காத்திராதீர்கள். நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ பட்டம் பெற்று இங்கு மேற்படிப்புக்கு வருவோர், இணைச் சான்றிதழ் வேண்டுமா என்பதனை விண்ணப்பத்துக்கு முன்னரே விசாரிக்கவேண்டும். இரு மாநிலங்களுக்கு இடையே வாழும் நமக்கு இஃது அடிக்கடி நேர்கிறது. பழைய திட்டத்தில் தாள் பாக்கி உள்ளோர்க்கு, இவ்வூரில் ‘மெர்சி சான்ஸ்’ என்று வழங்கும் இறுதி வாய்ப்பு எப்போதேனும் அறிவிக்கப்படும். அறிவிப்பு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வரும். அன்று பார்க்கத் தவறினால் பிறகு கதவு திறப்பது அரிது. பையன் சென்னையில் வேலையில் இருக்கிறான் என்று தாயார் அதனைப் படியாமல் விட்ட குடும்பம் ஒன்றை நான் அறிவேன்.

இதற்காகவே செயலாளரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன், அவர் இசைந்தார். ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை, சங்க நூலகத்தின் வாயிலருகே உள்ள மேசையில் அமர்ந்திருப்பேன். பல்கலைக்கழக அறிவிப்புகளை அவ்வாரமே படித்துத் தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டுவேன். வருவோர் மதிப்பெண் பட்டியல்களையும், சேர்ந்த ஆண்டின் பாடத்திட்டத்தையும், கல்லூரி கொடுத்த தாள் ஏதேனும் இருந்தால் அதனையும் எடுத்து வாருங்கள். மூலத்தை வீட்டில் வைத்துவிட்டு நகலைக் கொண்டுவந்தால் போதும்.